பக்கவிளைவும் பாதுகாப்பும்: சுகாதாரப் பணியாளர்களிடையே கொரோனா தடுப்பூசியின் நோயெதிர்ப்புத் துலங்கல்

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பெருந்தொற்றுக்கான தடுப்பூசி உலகின் பெரும்பாலான நாடுகளில் முதற்கட்டமாகச் சுகாதாரப் பணியாளர்களுக்கே செலுத்தப்பட்டது. அதனால் தடுப்பூசி உடலில் தூண்டும் நோயெதிர்ப்புத் துலங்கல், அது உண்டாக்கும் பக்கவிளைவு, நடைமுறையில் அது தரும் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பற்றிய தொடக்கக்காலச் சான்றுகளுள் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே பெறப்பட்டது. ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால்தான் தடுப்பூசி பயனளித்ததாகும் என்ற கருத்தும், எதிர்ப்பொருள் அளவே பாதுகாப்பின் அளவு என்ற கருத்தும் பரவலாக நிலவுகின்றன. இந்தியா, இஸ்ரேல், ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா, நார்வே ஆகிய நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடமிருந்து கிடைத்த தரவுகளைக் கொண்டு, இம்மூன்றும் தம்முள் தொடர்புடையனவாயினும் ஒன்றற்கு மற்றொன்று பதிலியாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொரோனா தடுப்பூசி, சுகாதாரப் பணியாளர், எதிர்ப்பொருள், நோயெதிர்ப்புத் துலங்கல், பக்கவிளைவு, கோவிஷீல்டு, கோவாக்சின்

1. முன்னுரை

இந்தியாவில் கொரோனா தடுப்பூசித் திட்டம் 2021 சனவரி 16 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதன் தொடக்க நிகழ்ச்சி நடைபெற்றது. மருத்துவர், செவிலியர், ஆய்வகத் தொழில்நுட்பர், தூய்மைப் பணியாளர் எனச் சுகாதாரத் துறையினர் முதலில் ஊசி செலுத்திக்கொண்டனர். ஊசி செலுத்தப்பட்ட ஒவ்வொருவரும் அரைமணி நேரம் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர்.

அடுத்த சில நாள்களில் மருத்துவமனை வளாகங்களில் ஒரு கேள்வி இயல்பாக எழுந்தது. ஒருவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்து ஒருநாள் படுக்க நேர்ந்தது. அவருடன் அதே வரிசையில் நின்று ஊசி செலுத்திக்கொண்டவருக்கு எதுவும் நேரவில்லை. முன்னவர் ‘ஊசி ஒத்துக்கொள்ளவில்லையோ’ என்று அஞ்சினார். பின்னவர் ‘ஊசி வேலை செய்யவில்லையோ’ என்று ஐயுற்றார். இரு கவலைகளும் ஒரே முற்கோளிலிருந்து பிறந்தவை. வெளியே தெரியும் விளைவைக் கொண்டு உள்ளே நிகழும் நோயெதிர்ப்பை அளந்துவிடலாம் என்பதே அம்முற்கோள்.

இது தனிமனித ஐயத்தோடு நிற்பதன்று. பக்கவிளைவை அஞ்சி இரண்டாம் தவணையைத் தவிர்ப்பவரும் உளர். எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ளது என்ற ஆய்வக அறிக்கையை நம்பி முகக்கவசத்தைக் கைவிடுபவரும் உளர். நோயாளியின் அருகில் நிற்கும் ஒருவர் இவ்வாறு முடிவெடுக்கும்போது அதன் விளைவு அவரோடு முடிவதில்லை. எனவே, இம்முற்கோள் எந்த அளவுக்குச் சான்றுகளால் ஏற்கத்தக்கது என்று ஆராய்வது தேவையாகிறது.

2. ஆய்வுக்குரிய குழுவாகச் சுகாதாரப் பணியாளர்

சுகாதாரப் பணியாளரிடையே இத்தகைய ஆய்வுகள் மிகுதியாக நடைபெற்றமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அவர்கள் முதலில் தடுப்பூசி பெற்றவர்கள். ஆகவே காலப்போக்கில் நோயெதிர்ப்பு தேய்வதும் அவர்களிடத்தே முதலில் புலப்பட்டது. இரண்டாவது, பணியாளர் எண்ணிக்கை, தடுப்பூசி பெற்ற நாள், பரிசோதனை முடிவு ஆகியன ஒரே நிறுவனத்தின் பதிவேட்டில் கிடைத்தன. மூன்றாவது, தொற்றுக்கு ஆட்படும் வாய்ப்பு அவர்களுக்கு மிகுதி. எனவே தடுப்பூசியின் பயனைக் குறுகிய காலத்திலேயே கணிக்க இயன்றது.

இக்குழுவுக்கு வரம்புகளும் உண்டு. பணியிலிருப்போர் பெரும்பாலும் 60 வயதுக்குட்பட்டவர்; பொதுமக்களைவிட உடல்நலம் மிக்கவர்; பல ஆய்வுகளில் பெண்களின் விகிதம் மிகுதி. முதியோர்க்கும் நோயெதிர்ப்புக் குறைபாடு உடையோர்க்கும் இம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் இயலாது.

3. தடுப்பூசிகளின் இயல்பு

இந்தியச் சுகாதாரப் பணியாளர்க்கு முதற்கட்டத்தில் இரண்டு தடுப்பூசிகள் கிடைத்தன. இரண்டிற்கும் 2021 சனவரி 3 அன்று அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி அறிவிக்கப்பட்டது.

கோவிஷீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராசெனிகா நிறுவனமும் உருவாக்கிப் புணேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த தடுப்பூசி. சிம்பன்சியிடம் சளிநோய் உண்டாக்கும் அடினோ வைரசைப் பெருக இயலாதவாறு மாற்றி, அதனுள் கொரோனா வைரசின் கூர்முனைப் புரதத்திற்கான மரபணுவைப் பொதிந்து இது உருவாக்கப்பட்டது. இம்மரபணுவைக் கொண்டு உடலின் உயிரணுக்களே அப்புரதத்தைத் தயாரிக்கின்றன.

கோவாக்சின், ஐதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து உருவாக்கியது. ஆய்வகத்தில் வளர்த்த முழு வைரசை வேதிமுறையில் செயலிழக்கச் செய்து, அலுமினிய உப்புடன் கூடிய துணையூக்கியைச் சேர்த்து இது தயாரிக்கப்படுகிறது. கூர்முனைப் புரதம் மட்டுமன்றி வைரசின் உட்கருப் புரதமும் இதில் அடங்கும். இவ்வேறுபாடு எதிர்ப்பொருள் பரிசோதனையில் முதன்மையானது என்பது பின்னர் விளங்கும்.

இஸ்ரேல், ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறுவது ஃபைசர்–பயோஎன்டெக் நிறுவனங்களின் எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசி. கூர்முனைப் புரதத்தைத் தயாரிப்பதற்கான செய்தியை எம்ஆர்என்ஏ வடிவில் கொழுப்பு நுண்துகளுக்குள் வைத்து உயிரணுவுக்கு அளிப்பது இதன் முறை.

4. உடலில் நிகழும் இரு படிநிலைகள்

எவ்வகைத் தடுப்பூசியாயினும் உடலின் துலங்கலை இரண்டு படிநிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதற்படி இயல்பு நோயெதிர்ப்பு. ஊசி செலுத்திய தசையில் அயற்பொருள் வந்தமையை அங்குள்ள காவல் உயிரணுக்கள் சில மணி நேரத்திற்குள் உணர்கின்றன. அவை இன்டர்ஃபெரான், இன்டர்லியூக்கின் முதலிய செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. ஊசியிட்ட இடத்தில் வலி, வீக்கம், சிவப்பு ஆகியன தோன்றுவதும், அச்செய்தி மூளையின் ஹைப்போதலாமசை எட்டிக் காய்ச்சல், குளிர்நடுக்கம், சோர்வு, தலைவலி ஆகியன விளைவதும் இதனால்தான். இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும்.

இரண்டாம் படி தகவேற்பு நோயெதிர்ப்பு. காவல் உயிரணுக்கள் வைரசுப் புரதத்தின் கூறுகளை அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கு அக்கூறுகளுக்குப் பொருந்தும் டி அணுக்களும் பி அணுக்களும் தெரிந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. பி அணுக்களிலிருந்து தோன்றும் பிளாஸ்மா அணுக்கள், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. வைரசு உயிரணுவுக்குள் நுழைவதையே தடுக்கவல்லவை நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்கள் எனப்படும். தொற்றுக்கு ஆளான உயிரணுவை அழிப்பது டி அணுக்களில் ஒரு வகையின் பணி. நினைவணுக்கள் நீண்டகாலம் நிலைத்திருந்து மறுமுறை வைரசைக் காணுங்கால் விரைந்து செயற்படுகின்றன. இப்படிநிலை முதிர இரண்டு வாரம் அளவில் ஆகும். இறுதித் தவணைக்குப் பின் 14 நாள் கழித்தே ஒருவரை முழுத் தடுப்பூசி பெற்றவராகப் பல ஆய்வுகள் கொள்வதற்குக் காரணம் இதுவே.

முதற்படி இல்லாமல் இரண்டாம் படி தொடங்காது என்பது உண்மை. ஆனால் முதற்படி ஒருவருக்குக் காய்ச்சலாக வெளிப்பட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நிணநீர்க்கணுவைச் செயற்படுத்தப் போதுமான தூண்டல், உடல்வெப்பத்தை உயர்த்தாமலும் அமையலாம். முன்னுரையில் குறித்த முற்கோளின் பிழை இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

5. எதிர்ப்பொருள் அளவீடு: இந்தியத் தரவுகள்

இந்தியச் சுகாதாரப் பணியாளரிடையே இரு தடுப்பூசிகளின் எதிர்ப்பொருள் துலங்கலைக் கண்டறிய 2021இல் பல நகரங்களை உள்ளடக்கிக் ‘கோவேட்’ என்னும் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. இரண்டு தவணையும் பெற்ற 515 பேரில் 95.0 விழுக்காட்டினரிடம் கூர்முனைப் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. கோவிஷீல்டு பெற்ற 425 பேரில் இது 98.1 விழுக்காடு, கோவாக்சின் பெற்ற 90 பேரில் 80.0 விழுக்காடு. 60 வயதைக் கடந்தோரிடமும் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடமும் இவ்விகிதம் குறைந்திருந்தது.

இவ்வெண்களைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, இரு குழுக்களின் அளவும் சமமல்ல. கோவாக்சின் குழு சிறியது. இரண்டு, அளக்கப்பட்டது கூர்முனைப் புரதத்திற்கான எதிர்ப்பொருள் மட்டுமே. முழு வைரசைக் கொண்ட கோவாக்சின் பிற புரதங்களுக்கு எதிராகத் தூண்டும் துலங்கல் இக்கணக்கில் வரவில்லை. டி அணுக்களின் துலங்கலும் அளக்கப்படவில்லை. மூன்று, எதிர்ப்பொருள் உண்டா இல்லையா என்பதை ஆராய்ந்த ஆய்வு இது. எந்தத் தடுப்பூசி நோயை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஒப்பிட்ட ஆய்வு அன்று. ஆயினும் 98, 80 ஆகிய இரண்டு எண்களையும் அக்காலத்தில் பலர் தடுப்பூசிகளின் தரவரிசையாகவே எடுத்துக்கொண்டனர்.

பரிசோதனை வகையும் கருதத்தக்கது. உட்கருப் புரதத்திற்கான எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனையில் கோவிஷீல்டு பெற்றவர்க்கு விடை ‘இல்லை’ என்றே வரும். ஏனெனில் அத்தடுப்பூசியில் உட்கருப் புரதம் இல்லை. அவர்க்கு ‘உண்டு’ என்று வந்தால் அது பெரும்பாலும் முன்தொற்றின் அடையாளம். கோவாக்சின் பெற்றவர்க்கு இப்பரிசோதனையால் தொற்றையும் தடுப்பூசியையும் பிரித்தறிய இயலாது. மேலும், வெவ்வேறு நிறுவனப் பரிசோதனைக் கருவிகள் வெவ்வேறு அலகுகளைப் பயன்படுத்தின. இவற்றை ஒப்பிட உதவும் பன்னாட்டுத் தரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஏற்படுத்தியது. அத்தரநிலைக்கு மாற்றப்படாத இரு அறிக்கைகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருளற்றது.

6. முன்தொற்றின் பங்கு

தடுப்பூசிக்கு முன்பே தொற்றுக்கு ஆளானவரின் துலங்கல் வேறுபட்டது. நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சினாய் மருத்துவ நிறுவனத்தில் 110 பேரிடம் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பே எதிர்ப்பொருள் கொண்டிருந்தவர்களிடம் முதல் தவணைக்குப் பிந்தைய எதிர்ப்பொருள் அளவு, தொற்றறியாதவரின் அளவைவிட ஒப்பான காலப்புள்ளிகளில் 10 முதல் 45 மடங்கு மிகுந்திருந்தது. நினைவணுக்கள் முன்பே ஆயத்தமாக இருந்தமையால் முதல் தவணையே அவர்களுக்கு ஊக்கத் தவணையாக அமைந்தது. காய்ச்சல், சோர்வு முதலிய பொதுப் பக்கவிளைவுகளும் முதல் தவணைக்குப் பின் அவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன.

இந்தியச் சூழலுக்கு இம்முடிவு இன்றியமையாதது. தடுப்பூசித் திட்டம் தொடங்கும் தறுவாயில், 2020 டிசம்பர் – 2021 சனவரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மூன்றாம் தேசியக் குருதிநீர் ஆய்வில் சுகாதாரப் பணியாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஏற்கெனவே எதிர்ப்பொருள் கொண்டிருந்தனர். ஆகவே, ஒரு மருத்துவமனையில் ஊசி செலுத்திக்கொண்ட நால்வரில் ஒருவர் தாமே அறியாமல் முன்தொற்றுப் பெற்றவராக இருந்திருக்கக்கூடும். ஒருவர்க்குக் காய்ச்சல் வந்து மற்றவர்க்கு வராமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். முன்தொற்று காய்ச்சலையும் கூட்டுகிறது, எதிர்ப்பொருளையும் கூட்டுகிறது. இதைப் பிரித்தறியாத ஆய்வில், காய்ச்சலே எதிர்ப்பொருளைக் கூட்டியது போன்ற தோற்றம் எழும்.

7. பக்கவிளைவு நோயெதிர்ப்பின் அளவுகோலாகுமா?

இக்கேள்விக்கு மூன்று வகைச் சான்றுகள் உள.

முதலாவது, ஃபைசர் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை. இரண்டாம் தவணைக்குப் பின் காய்ச்சல் கண்டோர் 55 வயது வரையிலான பிரிவில் 16 விழுக்காட்டினர். அதற்கு மேற்பட்டோரில் 11 விழுக்காட்டினர். ஆனால் அச்சோதனையில் அறிகுறியுடன் கூடிய நோயைத் தடுப்பதில் தடுப்பூசியின் திறன் 95 விழுக்காடாக இருந்தது. காய்ச்சல் வந்தோர்க்கு மட்டுமே பாதுகாப்பு என்றால் இவ்வளவு உயர்ந்த திறன் கிடைத்திருக்க இயலாது. காய்ச்சல் வராத பெரும்பான்மையோரும் பாதுகாப்புப் பெற்றனர் என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, பக்கவிளைவையும் எதிர்ப்பொருளையும் ஒரே ஆள்களிடம் அளந்த ஆய்வுகள். அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றின் சுகாதாரப் பணியாளர் 206 பேரிடம் நடைபெற்ற ஆய்வில், பக்கவிளைவின் கடுமைக்கும் எதிர்ப்பொருள் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மாறாக, சான் பிரான்சிஸ்கோவில் 363 பேரைக் கொண்டு நடைபெற்று 2024இல் வெளியான ஆய்வில், இரண்டாம் தவணைக்குப் பின் குளிர்நடுக்கம், சோர்வு, தலைவலி ஆகியவற்றை உணர்ந்தோரின் நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுந்திருந்தது. இவ்விரு முடிவுகளும் முரண்படுவனபோல் தோன்றினும், இரண்டையும் சேர்த்துக் காணும்போது ஒன்று தெளிவாகிறது. தொடர்பு இருப்பினும் அது மெலிந்தது. குழுவின் சராசரியில் புலப்படுவது. ஒருவரின் காய்ச்சலைக் கொண்டு அவரது எதிர்ப்பொருள் அளவைக் கணித்துக் கூறும் அளவுக்கு அது வலுவானதன்று.

ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியின் தொடக்கக்கட்டச் சோதனையிலும் இதற்கு இசைவான குறிப்பு ஒன்று உண்டு. ஒரு சிறு குழுவினர்க்கு முன்கூட்டியே பாராசிட்டமால் அளிக்கப்பட்டது. அவர்களிடம் பக்கவிளைவுகள் குறைந்தன; எதிர்ப்பொருள் துலங்கல் குறையவில்லை.

மூன்றாவது, வெற்றுமருந்துக் குழுக்களின் தரவு. 12 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வில், தடுப்பூசியே பெறாமல் வெற்றுமருந்து மட்டும் பெற்றவர்களிலும் 35 விழுக்காட்டினர் முதல் தவணைக்குப் பின் தலைவலி, சோர்வு போன்ற பொது விளைவுகளைத் தெரிவித்திருந்தனர். எதிர்பார்ப்பும் அச்சமும் உடல் உணர்வாக வெளிப்படுவதும், அன்றாட வாழ்வில் இயல்பாக வரும் சோர்வைத் தடுப்பூசியின் மேல் ஏற்றுவதும் இதற்குக் காரணங்கள். எனவே பக்கவிளைவு என்று பதிவாவது அனைத்தும் நோயெதிர்ப்பின் வெளிப்பாடன்று. அதற்காக அவ்வுணர்வுகள் பொய்யானவை என்றும் கொள்ளலாகாது. அவற்றின் தோற்றுவாய் வேறு என்பதே கருத்து.

பக்கவிளைவின் கடுமையைத் தடுப்பூசியின் வகையும் தவணையும் மாற்றுகின்றன. அடினோ வைரசுத் தடுப்பூசியில் முதல் தவணைக்குப் பின்னும், எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் இரண்டாம் தவணைக்குப் பின்னும் பொது விளைவுகள் மிகுதி. பொதுவாக இளையோரிடமும் பெண்களிடமும் அவை மிகுந்து காணப்படுகின்றன. மருத்துவமனை நிருவாகத்திற்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. ஒரே பிரிவின் செவிலியர் அனைவர்க்கும் ஒரே நாளில் ஊசி செலுத்தாமல் முறைவைத்துச் செலுத்தினால் பணி தடைப்படாது. ஊசிக்குப் பின் ஓரிரு நாளில் வரும் காய்ச்சலும் உடல்வலியும் தடுப்பூசியால் நேரலாம். இருமல், மூச்சுத்திணறல், தொண்டைவலி, மணமின்மை ஆகியன தடுப்பூசியின் விளைவுகளல்ல. பின்னவை தோன்றினால் தொற்றுப் பரிசோதனை தேவை.

8. அரிய கடும் விளைவுகள்

மேற்கூறியவற்றிலிருந்து அறவே வேறுபட்டவை அரிய கடும் விளைவுகள். இவற்றையும் முதலில் வெளிப்படுத்தியவர்கள் பெரும்பாலும் சுகாதாரப் பணியாளரே. ஐக்கிய இராச்சியத்தில் 2020 டிசம்பர் 8 அன்று தடுப்பூசி தொடங்கிய மறுநாளே, கடும் ஒவ்வாமை வரலாறு உடைய இரு சுகாதாரப் பணியாளர்க்கு ஒவ்வாமை அதிர்ச்சி நேர்ந்தமை அறிவிக்கப்பட்டது. ஊசிக்குப் பிந்தைய கண்காணிப்பு எதற்காக என்பதற்கு இது சான்று. இத்தகைய அதிர்ச்சி பெரும்பாலும் சில நிமிடங்களில் தோன்றுவது. உடனடியாக எபிநெஃப்ரின் செலுத்தினால் மீட்கத்தக்கது.

நார்வேயில் நேர்ந்தது இதனினும் கடியது. ஆஸ்ட்ராசெனிகா தடுப்பூசியின் முதல் தவணை பெற்ற 32 முதல் 54 வயதுக்குட்பட்ட ஐந்து சுகாதாரப் பணியாளர், 7 முதல் 10 நாளுக்குள் இரத்தக்குழாய் உறைவும் தட்டணுக் குறைவும் ஒருங்கே கொண்டு ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மூவர் இறந்தனர். அப்போது அந்நாட்டில் இத்தடுப்பூசி பெற்றிருந்தோர் 1,30,000 பேருக்கு மேற்பட்டோர். தட்டணுக்காரணி 4 என்னும் புரதத்திற்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களைத் தூண்டி உறைவை உண்டாக்குவதே இதன் பொறிமுறை என நார்வே, ஜெர்மனி, ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சில வாரங்களுக்குள் கண்டறிந்தனர். நார்வே 2021 மார்ச் 11 அன்று இத்தடுப்பூசியை நிறுத்திவைத்துப் பின்னர்த் தன் திட்டத்திலிருந்தே நீக்கியது.

இந்தியாவில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வுகளை ஆராயும் தேசியக் குழு, கடுமையான 498 நிகழ்வுகளை ஆய்ந்து அவற்றுள் 26 நிகழ்வுகள் உறைவு தொடர்பானவையாக இருக்கக்கூடும் எனக் கண்டது. கோவிஷீல்டு பெற்றோரில் இது பத்து இலட்சம் தவணைக்கு 0.61 என்னும் விகிதம் என 2021 மே மாதம் நடுவண் அரசு அறிவித்தது. நாட்டுக்கு நாடு கண்காணிப்பின் நுட்பமும் தடுப்பூசி பெற்றோரின் வயதும் வேறுபடுவதால் இவ்விகிதங்களை நேராக ஒப்பிடுதல் அரிது.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இளம் ஆண்களிடையே, குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பின், இதயத்தசை அழற்சி அரிதாக அறியப்பட்டது, பெரும்பாலோர் நலமடைந்தனர்.

கட்டுரையின் மையக் கருத்துக்கு இப்பகுதி தரும் செய்தி ஒன்றுண்டு. நார்வேப் பணியாளரைத் தாக்கியதும் ஒரு நோயெதிர்ப்புத் துலங்கலே. ஆனால் தவறான இலக்கை நோக்கிய துலங்கல். ‘துலங்கல் எவ்வளவு வலியதோ அவ்வளவு நன்று’ என்ற எளிய வாய்பாடு இங்கு முற்றிலும் தோற்கிறது. சாதாரணக் காய்ச்சலை அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்வதற்கும், ஒரு வாரத்திற்குப் பின் தோன்றும் கடும் தலைவலியையோ கால்வீக்கத்தையோ புறக்கணிக்கக் கூடாது என்று சொல்வதற்கும் முரண்பாடு இல்லை. முன்னது இயல்பு நோயெதிர்ப்பின் குறுகிய வெளிப்பாடு. பின்னது வேறொரு நோயின் தொடக்கமாகலாம்.

9. எதிர்ப்பொருளின் தேய்வும் நிலைபெறும் பாதுகாப்பும்

இஸ்ரேலின் ஷெபா மருத்துவ மையத்தில் 4,868 சுகாதாரப் பணியாளரை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆய்வு, எதிர்ப்பொருள் அளவு தொடர்ந்து குறைவதைக் காட்டியது. நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் முதல் மூன்று மாதங்களில் விரைந்தும் அதன்பின் மெதுவாகவும் குறைந்தது. ஆண்களிடமும், 65 வயதைக் கடந்தோரிடமும், நோயெதிர்ப்புக் குறைபாடு உடையோரிடமும் ஆறு மாத முடிவில் அளவு தாழ்ந்திருந்தது. அதே மையத்தின் மற்றோர் ஆய்வில், முழுத் தடுப்பூசிக்குப் பின்னும் தொற்றுக்கு ஆளான 39 பணியாளர் கண்டறியப்பட்டனர். தொற்று நேரத்தில் அவர்களிடமிருந்த நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள், தொற்றாத ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் அவர்களுள் எவரும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலையை எய்தவில்லை.

இவ்வாய்வு இரண்டு உண்மைகளை ஒருசேர உணர்த்துகிறது. எதிர்ப்பொருள் அளவுக்கும் தொற்றைத் தடுக்கும் ஆற்றலுக்கும் தொடர்பு உண்டு. ஆயினும், எதிர்ப்பொருள் குறைந்த நிலையிலும் கடும் நோயிலிருந்து பாதுகாப்பு நீடிக்கிறது. நினைவணுக்களும் டி அணுக்களும் அதில் பங்கு கொள்கின்றன.

நடைமுறைப் பாதுகாப்பை அளந்தறிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தரவு மிகப் பொருத்தமானது. அங்குள்ள 10,600 பணியாளரில் 8,991 பேர் 2021 சனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரையில் தடுப்பூசி பெற்றனர். பெரும்பாலோர் பெற்றது கோவிஷீல்டு. இரண்டாம் அலையின்போது, இரண்டு தவணையும் பெற்ற 7,080 பேரில் 679 பேர்க்குத் தொற்று ஏற்பட்டது. தடுப்பூசி பெறாத 1,609 பேரில் 438 பேர்க்குத் தொற்று ஏற்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் இரு குழுவிலும் சரியாக 64 பேர்.

இவ்வெண்களை மேலோட்டமாகக் காண்பவர், தடுப்பூசி பெற்றவர்க்கே தொற்று மிகுதி என்றும், மருத்துவமனைச் சேர்க்கையில் வேறுபாடே இல்லை என்றும் முடிவு செய்வார். ஆனால் 7,080இல் 679 என்பது 9.6 விழுக்காடு, 1,609இல் 438 என்பது 27.2 விழுக்காடு. 64 பேர் என்பது முதற்குழுவில் 0.9 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 4.0 விழுக்காடு. ஆக, தொற்றைத் தடுப்பதில் 65 விழுக்காடும், மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுப்பதில் 77 விழுக்காடும் பாதுகாப்புக் கிடைத்தது. உயிர்வளி தேவைப்பட்டோர் முறையே 4 பேரும் 11 பேரும். தீவிர சிகிச்சை தேவைப்பட்டோர் 2 பேரும் 8 பேரும். இவற்றில் பாதுகாப்பு 92, 94 விழுக்காடுகளாக உயர்ந்தது. நோயின் கடுமை கூடக் கூடத் தடுப்பூசியின் பயன் கூடுவதை இங்குத் தெளிவாகக் காணலாம். இது கண்டறி ஆய்வு. தடுப்பூசி பெற்றோரும் பெறாதோரும் வேறு வகைகளிலும் தம்முள் வேறுபட்டிருக்கலாம் என்ற வரம்பு இதற்கு உண்டு.

கோவாக்சினைப் பொறுத்தவரை, டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகப் பணியாளரிடையே 2021 ஏப்ரல் – மே மாதங்களில், டெல்டா வகை உச்சத்தில் இருந்தபோது ஆய்வு நடைபெற்றது. இரண்டு தவணைக்குப் பின் அறிகுறியுடன் கூடிய தொற்றைத் தடுப்பதில் 50 விழுக்காடு பயன் காணப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் ‘சைரன்’ ஆய்வில், 23,324 சுகாதாரப் பணியாளரிடையே ஃபைசர் தடுப்பூசி இரண்டு தவணைக்குப் பின் தொற்றை 85 விழுக்காடு தடுத்தது. அப்போது அங்குப் பரவியது ஆல்ஃபா வகை. இம்மூன்று எண்களையும் வரிசைப்படுத்தித் தடுப்பூசிகளைத் தரம் பிரிக்கலாகாது. வைரசு வகை, அலையின் வேகம், அளக்கப்பட்ட விளைவு ஆகிய மூன்றும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன.

எதிர்ப்பொருளின் தேய்வைக் கருதி இந்தியாவில் 2022 சனவரி 10 முதல் சுகாதாரப் பணியாளர்க்கு முன்னெச்சரிக்கைத் தவணை அளிக்கப்பட்டது. அதைப் பெறுவதற்கு எதிர்ப்பொருள் பரிசோதனை எதுவும் கோரப்படவில்லை. இரண்டாம் தவணைக்குப் பின் ஒன்பது மாதம் கழிந்திருத்தல் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. தனியொருவரின் எதிர்ப்பொருள் எண்ணைக் கொண்டு அவரது பாதுகாப்பை வரையறுக்கும் எல்லைக்கோடு நிறுவப்படாத நிலையில் இதுவே ஏற்புடைய வழி.

10. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் முடிவுகளாவன: பக்கவிளைவு என்பது பெரும்பாலும் இயல்பு நோயெதிர்ப்பின் குறுகியகால வெளிப்பாடு, அதில் எதிர்பார்ப்பின் பங்கும் உண்டு. எதிர்ப்பொருள் அளவு தகவேற்பு நோயெதிர்ப்பின் ஒரு கூறு மட்டுமே. பரிசோதனை வகை, முன்தொற்று, வயது, கழிந்த காலம் ஆகியவற்றால் அது மாறுபடும். பாதுகாப்பு என்பது நோயுற்றோரையும் நோயுறாதோரையும் உரிய வகுஎண்ணோடு எண்ணி அறியப்பட வேண்டியது. முதலாவதைக் கொண்டு இரண்டாவதையோ, இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதையோ தனியொருவரிடத்தில் துணிந்து கூறுதல் இயலாது.

முன்னுரையில் கண்ட இருவர்க்கும் உரிய விடையும் இதுவே. காய்ச்சல் கண்டவர்க்கு அது ஓரிரு நாளில் தணிந்ததாயின் அடுத்த தவணையைத் தவிர்க்கக் காரணம் இல்லை. காய்ச்சல் காணாதவர் தம் உடல் துலங்கவில்லை என்று கருதவும் காரணம் இல்லை. இருவரும் அறிய வேண்டுவது, ஊசியிட்ட நாளின் உணர்வோ ஆய்வக அறிக்கையின் எண்ணோ அவர்களது காப்பின் அளவைச் சொல்லாது என்பதே. இனிவரும் ஆய்வுகள், குறிப்பாக இந்தியச் சூழலில், முன்தொற்றைப் பிரித்தறிந்து, டி அணுத் துலங்கலையும் உள்ளடக்கி, தூய்மைப் பணியாளர் உள்ளிட்ட அனைத்து நிலையினரையும் சேர்த்து மேற்கொள்ளப்படுமாயின் இத்துறை மேலும் தெளிவு பெறும்.